மதுவிலக்கு வாக்குறுதியும் கருவூலக் கணக்கும்

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2016ஆம் ஆண்டு மே 16 அன்று ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடைபெற்றது. இரு மாநில எல்லையான களியக்காவிளைக்கு இப்புறம் விளவங்கோடு, கிள்ளியூர் தொகுதிகளின் மக்களும் அப்புறம் பாறசாலைத் தொகுதியின் மக்களும் மதுவைப் பற்றிய ஒரே கேள்விக்கு எதிரெதிரான சூழலில் நின்று வாக்களித்தனர். கேரளத்தில் உம்மன் சாண்டி தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு 2014இல் ஐந்து நட்சத்திர விடுதிகளைத் தவிர மற்ற விடுதிகளின் மதுக்கூடங்களை மூடும் கொள்கையை அறிவித்து, உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலையும் 2015 டிசம்பரில் பெற்று, அந்தச் சாதனையோடு மக்களைச் சந்தித்தது. தமிழ்நாட்டில் அ.தி.மு.க. அரசு 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்திவந்த நிறுவனத்தின் கடைகளைப் படிப்படியாக மூடுவோம் என்ற வாக்குறுதியோடு சந்தித்தது. மதுக்கூடங்களை மூடிய அரசு 140 இடங்களில் 47ஐ மட்டுமே பெற்று வீழ்ந்தது. கடைகளை நடத்திக்கொண்டே மூடுவதாகச் சொன்ன அரசு, 1984க்குப் பின் தமிழ்நாட்டில் எந்த ஆளுங்கட்சிக்கும் வாய்க்காத தொடர் வெற்றியைப் பெற்றது.

இந்த இரு முடிவுகளிலிருந்து கேரள மக்கள் மதுவை விரும்பினார்கள் என்றோ தமிழக மக்கள் மதுவிலக்கை நம்பினார்கள் என்றோ முடிவுகட்டுவது பிழை. கேரளத்தில் மதுக்கூட உரிமங்கள் தொடர்பான லஞ்சக் குற்றச்சாட்டில் நிதியமைச்சர் கே.எம். மாணி பதவி விலக நேர்ந்தது. தமிழ்நாட்டில் எதிர்க்கட்சி வாக்குகள் சிதறின. தேர்தல் என்பது பல கேள்விகளுக்கு ஒரே விடை எழுதச் சொல்லும் தேர்வாக இருக்கும்போது, அந்த விடையிலிருந்து மதுவைப் பற்றிய மக்கள் கருத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க இயலாது. ஆனால் மதுவிலக்கு ஏன் சில காலங்களில் சட்டமாகிறது, ஏன் சில காலங்களில் நீங்குகிறது என்ற கேள்விக்கு உறுதியான விடை உண்டு. அது வாக்குப்பெட்டியைக் காட்டிலும் அரசின் வரவு செலவுக் கணக்கில்தான் தெளிவாகக் கிடைக்கிறது. அதை அறிவதற்கு, மதுவிலக்கை நாடு தழுவிய அளவில் அரசமைப்பிலேயே எழுதி, பதினைந்து ஆண்டுகளுக்குள் அழித்த அமெரிக்காவின் வரலாறு மிகவும் துணைசெய்யும்.

அமெரிக்காவில் மதுவிலக்கை மட்டுமே கொள்கையாகக் கொண்ட கட்சி 1869இலேயே தோன்றி, 1872 முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளரை நிறுத்திவந்தது. அக்கட்சி ஒருமுறையும் வெற்றியை நெருங்கவில்லை எனினும், 1884இல் அதன் வேட்பாளர் ஜான் செயின்ட் ஜான் நியூயார்க் மாநிலத்தில் ஏறத்தாழ 25,000 வாக்குகளைப் பிரித்தார். அம்மாநிலத்தைச் சற்றேறக்குறைய ஆயிரம் வாக்குகளில் இழந்த குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் பிளெய்ன், அதனாலேயே தலைவர் பதவியையும் இழந்தார். தனிக் கட்சியாகப் போட்டியிட்டால் பிறருடைய வெற்றியைக் கெடுக்கலாமே அன்றிச் சட்டம் கொண்டுவர முடியாது என்ற பாடத்தை இதிலிருந்து கற்றவர்கள், 1893இல் ஒகையோ மாநிலத்தின் ஓபர்லினில் தொடங்கப்பட்ட மதுக்கடை எதிர்ப்புச் சங்கத்தினர். வேய்ன் வீலர் போன்றோர் வழிநடத்திய அச்சங்கம் தனக்கென வேட்பாளரை நிறுத்தவில்லை. எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், சபையில் மதுவுக்கு எதிராகக் கைதூக்க ஒப்புக்கொள்பவருக்குத் தன் வாக்குகளைத் திரட்டிக் கொடுத்தது. ஒருவர் வீட்டில் குடிக்கிறாரா என்பது அச்சங்கத்துக்குப் பொருட்டன்று. அதனால்தான் இரு பெரிய கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளர்களும் 1916 தேர்தலில் மதுவிலக்கைப் பற்றி வாய் திறவாதிருந்தபோதே, அதே தேர்தலில் அதற்குப் பெரும்பான்மை கொண்ட நாடாளுமன்றம் அமைந்துவிட்டது.

அச்சங்கத்தின் திறமை மட்டும் போதுமானதாக இருந்திருக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசின் உள்நாட்டு வருவாயில் மிகப் பெரும் பகுதி, மொத்த வருவாயிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு, மதுவின் மீதான தீர்வையிலிருந்து கிடைத்துவந்தது. அந்த வருவாய் நீங்கினால் அரசு எதைக்கொண்டு நடக்கும் என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை எந்தப் பிரசங்கமும் சட்டமாக மாற இயலவில்லை. 1913இல் அரசமைப்பின் 16ஆம் திருத்தம் வருமான வரி விதிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்ததும் அந்தத் தடை அகன்றது. அதே ஆண்டிலேயே மதுக்கடை எதிர்ப்புச் சங்கம் நாடு தழுவிய மதுவிலக்கைத் தன் இலக்காக அறிவித்தது. 1917 டிசம்பரில் நாடாளுமன்றத்தைக் கடந்த 18ஆம் திருத்தம் 1919 ஜனவரி 16இல் மாநிலங்களின் ஏற்பைப் பெற்று, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. அரை விழுக்காட்டுக்கு மேல் சாராயச் சத்துள்ள எந்தப் பானமும் போதைப்பொருளே என வரையறுத்த வால்ஸ்டெட் சட்டம், தலைவர் வில்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறியது.

அடுத்த இரு தேர்தல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1920இல் போர்க்களைப்பும் விலைவாசியும் பேசப்பட்டன; மது பேசப்படவில்லை. 1924இல் ஜனநாயகக் கட்சியின் மாநாடு, மதுவிலக்கை எதிர்த்த நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித்துக்கும் அதை ஆதரித்த வில்லியம் மெக்கடூவுக்கும் இடையே பிளவுபட்டு, 103 சுற்று வாக்கெடுப்புக்குப் பின் இருவரையும் விட்டு மூன்றாமவரான ஜான் டேவிஸைத் தேர்ந்தெடுத்தது. அத்தனை களைப்புக்குப் பிறகு அக்கட்சி படுதோல்வி அடைந்ததில் வியப்பில்லை.

1928ஆம் ஆண்டுத் தேர்தல் அப்படியன்று. அதை நின்று நோக்க வேண்டும், குறிப்பாகக் குமரி மாவட்ட வாசகர். ஜனநாயகக் கட்சி அவ்வாண்டு ஆல் ஸ்மித்தையே நிறுத்தியது. ஐரிஷ் வழிவந்தவர், ஒரு பெரிய கட்சியின் சார்பில் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட முதல் கத்தோலிக்கர், நியூயார்க் நகரின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர், தம் மாநிலத்தின் மதுவிலக்கு அமலாக்கச் சட்டத்தை நீக்கும் மசோதாவில் 1923இல் ஒப்பமிட்டவர். கட்சியின் அறிக்கை மதுவிலக்கை நேர்மையாகச் செயல்படுத்துவோம் என்றது. வேட்பாளரோ சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மாநாட்டுக்கே தந்தியடித்தார். துணைத் தலைவர் வேட்பாளரான ஜோசப் ராபின்சன் மதுவிலக்கு ஆதரவாளர். எதிர்ப்பக்கம் ஹெர்பர்ட் ஹூவர், மதுவிலக்கை உயரிய நோக்கமும் நெடிய விளைவும் கொண்ட சமூக, பொருளாதாரச் சோதனை என்று போற்றினார். தென்மாநிலங்களில் மெதடிஸ்ட் பிஷப் ஜேம்ஸ் கேனன் போன்றோர், பரம்பரையாக ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்துவந்த மக்களை ஹூவர் பக்கம் திருப்ப ஊர் ஊராகச் சென்றனர். ஹூவர் 40 மாநிலங்களையும் 444 தேர்வாளர் வாக்குகளையும் பெற்றார். ஸ்மித்துக்குக் கிடைத்தவை 87.

அந்தப் பரப்புரையில் மதுவிலக்கு என்ற பெயரில் உண்மையில் பேசப்பட்டது மது மட்டுமன்று. நாட்டுப்புறத்துப் புராட்டஸ்டண்ட் மக்கள், நகரங்களில் குடியேறிய கத்தோலிக்கர்மீது கொண்டிருந்த அச்சமும் ஐயமும் மதுவிலக்கின் மொழியில் மரியாதையான உருவம் பெற்றன. ஒருவரை அவருடைய மதத்துக்காக எதிர்க்கிறேன் என்று சொல்லக் கூசியவர், அவர் மதுவை ஆதரிப்பதால் எதிர்க்கிறேன் என்று சொல்ல முடிந்தது. கடற்கரையில் கத்தோலிக்கப் பங்குகளும் உள்நாட்டில் சீர்திருத்தச் சபைகளும் செழித்திருக்கும் இம்மாவட்டத்தில், ஒரு பொதுப் பிரச்சினையின் முகமூடிக்குள் சமூகப் பகைமை எவ்வளவு எளிதாகப் புகுந்துகொள்ளும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழகத்திலும் குடியைப் பற்றிய பேச்சு பல சமயங்களில் குடிப்பவரின் சாதியைப் பற்றிய பேச்சாகவும், கள் இறக்கும் தொழிலாளியை இழிவுபடுத்தும் பேச்சாகவும் திரிந்திருக்கிறது. மதுவிலக்கை மனமார விரும்புவோர் முதலில் விலக்க வேண்டிய கலப்படம் இதுவே.

நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்து பெருமந்தம் தொடங்கியபின், தனிநபர் வருமான வரி வசூல் 1930க்கும் 1933க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. எந்த வரியின் பலத்தில் மதுவிலக்கு வந்ததோ அந்த வரி வற்றியதும் மதுவிலக்கின் அடித்தளம் ஆடியது. செல்வந்தரான டுபாண்ட் குடும்பத்தினர், மதுவுக்கு மீண்டும் வரி விதித்தால் வருமான வரிச் சுமை குறையும் என்ற எதிர்பார்ப்போடு மதுவிலக்கு எதிர்ப்பு அமைப்புக்குப் பணம் வழங்கினர். பெண்கள் அனைவரும் மதுவிலக்கின் பக்கமே நிற்பர் என்ற நம்பிக்கையை, பாலின் சேபின் 1929இல் தொடங்கிய மகளிர் அமைப்பு தகர்த்தது. சட்டமீறலும் கள்ளச் சந்தையும் தம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது அப்பெண்களின் வாதம். 1932 தேர்தலில் ஜனநாயகக் கட்சி 18ஆம் திருத்தத்தை நீக்குவோம் என்று ஐயத்துக்கிடமின்றி எழுதியது. குடியரசுக் கட்சி இருபுறமும் சாயும் நீண்ட பத்தி ஒன்றை எழுதி எவரையும் நிறைவுசெய்யவில்லை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவ்வாண்டு ஆகஸ்டில் நியூஜெர்சியின் சீ கர்ட்டில் ஆற்றிய உரையில், அரசுக்கு வரவேண்டிய வருவாய் சட்டமீறுவோரின் பைக்குப் போகிறது என்று வாதிட்டார். 472 தேர்வாளர் வாக்குகளுடன் வென்று பதவியேற்ற அதே மாதத்தில், 1933 மார்ச்சில், மென்மையான பீரை அனுமதித்து வரி விதிக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். டிசம்பர் 5இல் 36ஆவது மாநிலமாக யூட்டா ஏற்றுக்கொண்டதும் 21ஆம் திருத்தம் மதுவிலக்கை அகற்றியது. மாநிலச் சட்டமன்றங்களை விடுத்து, இந்த ஒரே கேள்விக்காக மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் மாநாடுகள் மூலம் ஏற்கப்பட்ட ஒரே திருத்தம் அது. பிற விவகாரங்களின் கலப்பில்லாமல் அமெரிக்க மக்கள் மதுவைப் பற்றி நாடெங்கும் கேட்கப்பட்டது அந்த ஒருமுறைதான்.

இந்த வரலாற்றைத் தமிழகத்தில் கூர்ந்து கவனித்தவர்களுள் முதன்மையானவர் ராஜாஜி. அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையிலிருந்த 1929இல், திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து அவர் மதுவிலக்குக்காகவே நடத்திய 'விமோசனம்' இதழில் கல்கி துணையாசிரியராகப் பணிபுரிந்தார். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பின் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கு அது விரிந்தது. அந்நாளில் மாகாண வருவாயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆயத்தீர்வையாக, அதாவது மதுவின் மீதான தீர்வையாகக் கிடைத்துவந்தது. கடையை மூடுவதோடு நில்லாமல், இழப்பை ஈடுசெய்யும் வழியையும் தாமே கண்டார் என்பதில்தான் ராஜாஜியின் நேர்மை விளங்குகிறது. பொதுவான விற்பனை வரியை இந்தியாவிலேயே முதன்முதலில் விதித்த 1939ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் அவ்வாறு பிறந்தது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர்; அவர் பின்வாங்கவில்லை. மக்களுக்கு ஒன்றை மறுக்கும்போது அதன் விலையையும் வெளிப்படையாகச் சொல்லி வசூலித்த இந்தத் துணிவு, பின்வந்த எந்த மதுவிலக்கு வாக்குறுதியிலும் காணப்படவில்லை.

போர்க்காலத்தில் 1943இல் ஆளுநர் ஆட்சியின்போது நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, விடுதலைக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அப்போது இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. எனினும் மதுவிலக்குப் பரப்புரையில் நாஞ்சில் நாட்டின் பங்கு சிறிதன்று: நாகர்கோவிலைச் சேர்ந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949இல் அண்ணாவின் எழுத்தில் வெளியிட்ட 'நல்லதம்பி' திரைப்படம், ஓர் அமெரிக்கப் படத்தின் கதையைத் தழுவி, மதுவிலக்கின் பயனை எளிய மக்களிடம் கொண்டுசென்றது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, எட்டாண்டுகளாக முழு மதுவிலக்கு நடைமுறையிலிருந்த மாநிலத்துக்குள் இம்மக்கள் வந்துசேர்ந்தனர். 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, நிதி நெருக்கடி இருந்தும் அதை நீக்க உடன்படவில்லை.

அது நீங்கியது 1971இல். அவ்வாண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் தி.மு.க. மாபெரும் வெற்றி பெற்றது. காமராசர் தலைமையிலான காங்கிரஸ் நாடாளுமன்றத்துக்குத் தமிழகத்தில் வென்ற ஒரே இடம், காமராசரே போட்டியிட்ட நாகர்கோவில். தேர்தல் முடிந்து ஐந்து மாதங்களில், ஆகஸ்ட் இறுதியில், மு. கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. முதுமையிலும் தளர்ச்சியிலும் முதலமைச்சரை நேரில் சந்தித்து வேண்டாமென்று ராஜாஜி கேட்டும் முடிவு மாறவில்லை. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கே உதவித்தொகை, ஏற்கெனவே கடைப்பிடிக்கும் மாநிலத்துக்கு இல்லை என்று மத்திய அரசு கைவிரித்ததையும், அண்டை மாநிலங்களில் மது தாராளமாகக் கிடைத்ததையும் அரசு காரணம் காட்டியது. அக்காரணங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் பழக்கத்தை மாற்றிய முடிவு, தேர்தல் முடிந்த பின் எடுக்கப்பட்டதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மீண்டும் திறந்தது. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 1987 ஜனவரியில் கள் தடைசெய்யப்பட்டது. 1990இல் வந்த மலிவு விலை மதுவை 1991இல் ஜெயலலிதா நிறுத்தினார். அவரே 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் கொடுத்தார். தனியார் கடைக்காரருக்கும் அரசுக்கும் இடையே இருந்த இடைவெளி அன்றோடு மறைந்து, அரசே கடைக்காரராயிற்று.

அந்தக் கடைக்காரரிடம் ஒரு கடையை மட்டும் அகற்றும்படி கேட்ட போராட்டத்தில்தான், சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறி உயிர்நீத்தார். பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டிடத்துக்கும் அருகிலிருந்த மதுக்கடையை இடம் மாற்ற வேண்டும் என்பதற்கு மேல் அவர் அன்று கேட்டது ஒன்றுமில்லை. அடுத்த சில நாட்களில் சென்னையில் கல்லூரி மாணவர்களும் தெற்கே கலிங்கப்பட்டி போன்ற ஊர்களின் மக்களும் கடைகளுக்கு எதிராகத் திரண்டனர். அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே, தி.மு.க. ஆட்சிக்கு வந்தால் மதுவிலக்கைக் கொண்டுவரும் என்று கருணாநிதி அறிவித்திருந்தார். 2016 ஏப்ரலில் ஜெயலலிதா படிப்படியான மதுவிலக்கை அறிவித்தார். மதுவிலக்கை நெடுங்காலமாக வலியுறுத்திவந்த பாட்டாளி மக்கள் கட்சி, முதல் கையெழுத்து அதற்கே என்று சொல்லித் தனித்துப் போட்டியிட்டு ஓரிடமும் பெறவில்லை. பெரிய கட்சிகள் அனைத்தும் ஒரே வாக்குறுதியை உச்சரித்த பிறகு, அதை முதலில் சொன்ன கட்சிக்கு அதனால் பயன் ஏதும் மிஞ்சவில்லை. அமெரிக்காவின் மதுவிலக்குக் கட்சி சட்டம் நெருங்கிவந்த ஆண்டுகளிலும் ஒரு மாநிலத்தையும் தலைவர் தேர்தலில் வெல்லாதது இங்கே நினைவுக்கு வரும். குமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளையும் தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி கைப்பற்றியது. 2011இல் இங்கே இரண்டு இடங்களைப் பெற்றிருந்த ஆளுங்கட்சிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வாக்குறுதியின் பின்கதையைக் கணக்கே சொல்கிறது. 2016 மே 23இல் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா 500 கடைகளை மூடவும் விற்பனை நேரத்தைக் குறைக்கவும் ஆணையிட்டார். 2017 பிப்ரவரியில் எடப்பாடி கே. பழனிசாமி மேலும் 500 கடைகளை மூடினார். நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையால் அவ்வாண்டு ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் அடைபட்டன. இத்தனைக்கும் பின் மதுவிலிருந்து அரசுக்குக் கிடைத்த வருவாய் 2016-17இல் சுமார் 26,995 கோடி ரூபாயாகவும், 2017-18இல் சுமார் 26,797 கோடியாகவும், 2018-19இல் 31,157 கோடியாகவும் இருந்தது. 2023 ஜூனில் தி.மு.க. அரசு 500 கடைகளை மூடியது; 2023-24இன் வருவாய் 45,855 கோடியைத் தொட்டது. கடைகளின் எண்ணிக்கை குறைவதும் குடி குறைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மூடப்பட்ட கடையின் கூட்டம் அடுத்த கடையின் வரிசையில் சேர்ந்தது. வரி உயர்வு மீதியை நிரப்பியது.

ராஜாஜியின் காலத்தைவிட இன்று இந்தப் பிடி இறுகியதற்கு ஒரு காரணம் உண்டு. அது தேர்தல் மேடைகளில் பேசப்படுவதேயில்லை. 2017 ஜூலை 1இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மது வருவாய்க்கு மாற்றாக 1939இல் கண்டுபிடிக்கப்பட்டு மாநில நிதியின் முதுகெலும்பாக வளர்ந்திருந்த விற்பனை வரியின் பெரும்பகுதி அதனுள் கரைந்துவிட்டது. அந்த வரியின் விகிதத்தை ஒரு மாநிலம் தன்னிச்சையாக மாற்ற முடியாது. மத்திய அரசும் எல்லா மாநிலங்களும் அமர்ந்த மன்றமே முடிவுசெய்கிறது. மாநிலம் தன் விருப்பப்படி உயர்த்தவோ தாழ்த்தவோ கூடிய பெரிய விற்பனை வரிகளாக எஞ்சியவை பெட்ரோல், டீசல் மீதானவையும் மனிதர் அருந்தும் மதுவின் மீதானவையுமே. எனவே இன்று மதுவிலக்கை வாக்குறுதியாகத் தரும் கட்சி, ராஜாஜியைப் போல மாற்று வரியொன்றை விதிக்கும் வழி பெரிதும் அடைபட்ட நிலையில் அதைத் தருகிறது. இழப்பை மத்திய வரிப் பகிர்விலிருந்து பெறப்போகிறதா, பத்திரப்பதிவு, வாகனம், மின்சாரம் ஆகியவற்றின் கட்டணங்களை உயர்த்தப்போகிறதா, அல்லது நலத்திட்டங்கள் எவற்றையேனும் குறைக்கப்போகிறதா என்று சொல்லாத வாக்குறுதி, நிறைவேற்றும் எண்ணமில்லாத வாக்குறுதி என்றே கொள்ளத்தக்கது. மகளிருக்கான உதவித்தொகையை ஒரு பக்கத்திலும் மதுவிலக்கை மறுபக்கத்திலும் அச்சிட்டுத் தரும் அறிக்கை, இரண்டுக்கும் இடையிலான பணப்போக்கை மூன்றாவது பக்கத்தில் விளக்கியாக வேண்டும்.

விற்பனையை அரசு கையில் வைத்துக்கொண்டு, தடையை எளியவர்மீது மட்டும் விதிக்கும் இன்றைய நிலை, முழு மதுவிலக்கின் தீமையையும் முழுத் தாராளத்தின் தீமையையும் ஒருங்கே கொண்டிருக்கிறது. 1987 முதல் கள் தடைப்பட்டிருப்பதால், கலயத்தில் சுண்ணாம்பு தடவி அக்கானி எனும் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் இம்மாவட்டத்துப் பனையேறியும் காவல்துறையின் சந்தேகத்துக்கு ஆளாகிறார். சுண்ணாம்பு குறைந்தால் அதே பதநீர் இயல்பாகப் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதால், மரத்தின் உச்சியிலேயே குற்றமும் தொழிலும் ஒரு விரல் சுண்ணாம்பால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. களியக்காவிளையைக் கடந்தால் அதே கள் உரிமம் பெற்ற கடையில் விற்கப்படுகிறது. இப்புறமோ ஆலையில் வடித்த, அதைவிடப் பன்மடங்கு வீரியமான மது அரசுக் கடையில் கிடைக்கிறது. பிள்ளைகள் தந்தையின் தொழிலைத் தொடராமல் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் சென்றதற்குத் தடையொன்றே காரணமாகாது. ஆனால் அதற்கும் பங்குண்டு. மறுமுனையில், அரசுக் கடையின் விலைக்கு எட்டாதவர் கள்ளச்சாராயத்தை நாடியதன் விளைவை, மெத்தனால் கலந்த சாராயம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது நாடே கண்டது. அமெரிக்காவிலும் மதுவிலக்கின் ஆண்டுகளில் தொழிற்சாலைச் சாராயத்தைக் குடித்துப் பெருந்தொகையினர் மாண்டனர். 1929இல் ஜோன்ஸ் சட்டத்தின் மூலம் சிறைத்தண்டனையை ஐந்தாண்டுகளாகவும் அபராதத்தைப் பத்தாயிரம் டாலராகவும் அரசு உயர்த்தியது. கள்ளக்குறிச்சிக்குப் பின் தமிழ்நாடும் ஆயுள் தண்டனை வரை விதிக்கச் சட்டத்தைத் திருத்தியது. கடுந்தண்டனை வேண்டாமென்பதில்லை; ஆனால் ஜோன்ஸ் சட்டம் வந்த நான்கே ஆண்டுகளில் அமெரிக்க மதுவிலக்கு முடிந்துபோனது என்பதையும் உடன் நினைவிற்கொள்ள வேண்டும்.

21ஆம் திருத்தத்துக்குப் பின் அமெரிக்கா மேற்கொண்ட வழியில் தமிழகம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு. மதுவைப் பற்றிய முடிவு மாநிலங்களிடம் திரும்பியது. பல மாநிலங்கள் அதை மேலும் கீழே இறக்கி, ஒவ்வொரு மாவட்டமும் ஊரும் தன் எல்லைக்குள் மது விற்கலாமா என்பதைத் தன் வாக்காளரிடமே கேட்டு முடிவுசெய்ய விட்டன. இன்றும் அங்கே மது விற்காத மாவட்டங்கள் பல உள்ளன; அவை எந்தத் தலைவர் தேர்தலின் முடிவுக்காகவும் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை கடையை அகற்றத் தீர்மானம் போட்டாலும், கடை இருக்கும் இடத்தை முடிவுசெய்யும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடமும் நிறுவனத்திடமுமே தங்கியிருக்கிறது. குமரி மாவட்டத்திலோ நிலைமை மேலும் சிக்கலானது: ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகளில் வாழும் மக்களுக்குக் கிராம சபை என்ற மேடையே இல்லை. சசிபெருமாள் கோபுரம் ஏறிய உண்ணாமலைக்கடையும் ஒரு பேரூராட்சியே. கடை அமைந்த வார்டின் வாக்காளர்களிடம், உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்து இந்த ஒரு கேள்வியைத் தனிச் சீட்டில் கேட்டு, அவர்களின் முடிவுக்கு நிறுவனம் கட்டுப்பட வேண்டும் என்று தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க மாநிலச் சட்டமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு. அதனால் கருவூலம் இழப்பது ஓரிரு கடைகளின் வருவாயாகவே இருக்கும் என்பதால், அதைச் செய்ய மாற்று வரியும் தேவைப்படாது, மத்திய அரசின் ஒப்புதலும் தேவைப்படாது.